மேலே ஒரு கை, கீழே ஒரு கை

கழுத்து வலி வந்தால் மற்றவர்கள் டாக்டரைத் தேடிப் போவார்கள். மெத்தைக்காரர் உட்கார்ந்து தலையணை தைத்தார்.

முதலில் தைத்தது கொஞ்சம் உயரமோ என்று சந்தேகம். அடுத்தது தட்டை. மூன்றாவதில் தலை நன்றாகப் புதையட்டும் என்று நடுவில் பள்ளம் வைத்தார். தலை நன்றாகத்தான் புதைந்தது. காலையில் அதை வெளியே எடுப்பதற்குள் காபி ஆறிவிட்டது. நான்காவதற்கு ஓரம் மட்டும் தடிப்பு. ஆறாவது உருளை. அதில் படுத்து எழுந்த அன்று, யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் ஆளே முழுசாகத் திரும்ப வேண்டியிருந்தது. பதினோராவது தலையணை இரண்டு உள்ளங்கை அகலத்தில் வந்து நின்றது.

"இது யாருக்குங்க? பூனைக்கா?" என்று கேட்டாள் மனைவி.

"புது மாடல்."

"மாடல் சரி. பதினோரு தலையணைக்கு நடுவுல நான் படுக்க எடம் எங்கே?"

அவர் தலையணையைத் தட்டி உப்ப வைத்தார். வலி என்று வாய்விட்டுச் சொல்ல வழியில்லை. கடைப் பலகையில், 'எங்கள் தலையணையில் படுத்தவருக்குக் கழுத்து வலி என்றால் என்னவென்றே தெரியாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். பலகை எழுதியவன் இடம் போதாது என்று சொல்லியும், 'என்னவென்றே'வைக் குறைக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர். அப்படிப்பட்டவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தால் என்ன ஆகும்? தெருவே சிரிக்கும். அவரே வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் மூன்று மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

ஆகவே அதற்குத் தலைவலி என்று பெயர் வைத்தார். முழுப் பொய்யும் இல்லை. வலி தோளில் எங்கோ கிளம்பி, கழுத்தின் வலப்பக்கமாக ஏறி, காதைச் சுற்றிப் போய் நெற்றிப்பொட்டில் உட்கார்ந்துகொள்ளும். மனைவி தினமும் நெற்றிப்பொட்டில் தைலம் தேய்த்தாள். தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் முடி கொட்டியதுதான் மிச்சம்.

வேலை என்னவோ குறையவில்லை. மாணவிகள் விடுதி ஒன்று புதிதாகக் கட்டியிருந்தார்கள். அதற்குப் பதினாறு மெத்தை. பதினாறு உறையிலும் பஞ்சு திணித்து, வாயைத் தைத்து, சுவரோரமாக நிறுத்தியாயிற்று. கோடு போட்ட துணியில், வயிறு முட்டத் தின்றவர்கள் வரிசையில் நிற்பது போல நின்றன. இனிமேல்தான் முக்கியமான வேலை. மெத்தைக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் கயிறு கோத்துக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் இரண்டே மாதத்தில் பஞ்சு முழுக்கக் கால்பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். படுப்பவள் தலைக்கு வெறும் துணிதான்.

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நான்கு கால் வைத்த மரச்சட்டம். நடுவில் பலகை கிடையாது. அதன்மேல் மெத்தையைக் கிடத்துவார்கள். மேலே நிற்கிறவர் ஒரு முழ நீள ஊசியை நூலோடு உள்ளே செலுத்துவார். கீழே மணையில் உட்கார்ந்திருப்பவர் அண்ணாந்து பார்த்தபடி, துணியில் முனை எங்கே முட்டுகிறது என்று விரலால் தடவி, வந்த ஊசியை இழுத்து, ஒரு விரற்கடை தள்ளி மறுபடி மேலே குத்தி அனுப்புவார். மேலே இருப்பவர் இழுத்து, இறுக்கி, முடிச்சுப் போடுவார். ஒரு மெத்தைக்கு எழுபது முடிச்சு. இருபத்திரண்டு வருஷமாக மேலே அவர், கீழே அவள். இடையில் அரை அடிப் பஞ்சு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும் அவர்கள் வாழ்க்கையின் முக்கால்வாசிப் பேச்சை அந்தப் பஞ்சு வழியாகத்தான் பேசியிருந்தார்கள்.

அன்று காலையிலிருந்தே மழை. ஈரக்காற்றில் பஞ்சு கனத்து, ஊசி லேசில் இறங்கவில்லை. மூன்றாவது மெத்தை, இரண்டாவது வரிசை.

"இன்னைக்கு என்ன, ஊசி ஊர்கோலம் வருது?" கீழிருந்து குரல் வந்தது.

"பஞ்சு ஈரம்."

"பஞ்சு நேத்தும் ஈரந்தான்."

அவர் வீராப்பாக முழங்கையை உயர்த்தி, ஊசியின் தலையில் உள்ளங்கையை வைத்து ஓங்கி அழுத்தினார். அந்தக் கணத்தில் தோளில் யாரோ கொக்கி போட்டு இழுத்தது மாதிரி இருந்தது. நெற்றிப்பொட்டில் பளீரென்றது. கை தானாகத் துவண்டு சாய்ந்தது. ஊசி நேராகப் போகாமல் சாய்வாக இறங்கியது.

கீழே சத்தமில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. குனிந்து பார்த்தார். அவள் இடது கையில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையில் ஊசி ஏறி நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கையை ஒதுக்கிப் பிடித்திருந்தாள்.

"துணியில ரத்தம் படாம பாருங்க," என்றாள். "புதுத் துணி."

எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர் கட்டுப் போட்டார். டெட்டனஸ் ஊசியும் போட்டாயிற்று. அதற்கு அவள் கண்கூட இமைக்கவில்லை. நிற்க முடியாமல் நாற்காலி கேட்டு உட்கார்ந்தவர் மெத்தைக்காரர்தான்.

திரும்பி வந்ததும் ஊசியைத் துடைத்து, எண்ணெய் தடவி, தகர டப்பாவில் போட்டு மூடினார்.

"இனிமே நான் இதைத் தொட மாட்டேன்."

"சின்னக் காயங்க. நாலு நாள்ல ஆறிடும்."

"இன்னைக்குக் கை. நாளைக்குக் கண்ணுல ஏறினா? நீ அண்ணாந்துதானே உக்காந்திருக்கே?"

அவரை விளையாட்டுக்கு மடக்கலாம். வேடிக்கை இல்லாமல் அவர் பேசினால் மடக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

ஐந்து நாள் ஓடிற்று. மழை விட்டுவிட்டுப் பெய்தது. பதின்மூன்று மெத்தைகள் கட்டப்படாமல் சுவரோரம் நின்றன. மெத்தைக்காரர் பன்னிரண்டாவது தலையணைக்குத் துணி வெட்ட ஆரம்பித்தார். கத்தரிக்கோலைக்கூட இடது கையால் பிடித்திருந்தார். அதை அவள் பார்த்தாள்.

"நான் அடுத்த தெரு சோபாக்காரரைக் கூப்பிடப் போறேன். அவர் மேல நின்னு குத்தட்டும்."

"அவனா? அவன் கைக்குக் கீழ நீ உக்காருவியா?"

"ஏன், உங்க கைக்குக் கீழ உக்காந்து பட்டது பத்தலையா?"

சொன்ன பிறகு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"கை... சரியில்லம்மா," என்றார் கடைசியில். "தலைவலி இல்ல. கழுத்து. ஏழு மாசமா."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தலைவலிக்கு யாருங்க பதினோரு தலையணை தைப்பா?"

வலிக்கென்றே தனியாக வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருப்பதாக மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார். "இனிமே உமக்குத் தைலம் தர மாட்டேன்யா. நீர் வாங்கின தைலத்துல ஒரு யானைக்கு ஒத்தடம் குடுத்திருக்கலாம்," என்று சொல்லி விலாசம் எழுதித் தந்து, போனிலும் விவரம் சொல்லி வைத்தார்.

மெத்தைக்காரர் மனைவியோடு, குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு போனார். மழை அப்போது நின்றிருந்தது. மாடிப்படி ஏறி உள்ளே போனால், முதல் பெஞ்சில் மடியில் தலையணையோடு தெருக்கோடிக் கணக்கு வாத்தியார் உட்கார்ந்திருந்தார். கோடு போட்ட துணி. ஓரத்தில் இரட்டைத் தையல். மெத்தைக்காரருக்குத் தன் கைவேலையை அடையாளம் கண்டுபிடிக்க விளக்கு வேண்டியதில்லை.

"வாங்க வாங்க," என்றார் வாத்தியார், உடம்போடு திரும்பி. "நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"டாக்டரம்மாவுக்கு மெத்தை ஒண்ணு... அளவெடுக்க வந்தேன்."

பின்னால் நின்ற மனைவி செருமினாள்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் கதவைத் திறந்து, "கழுத்து வலி யாரு? மெத்தைக்கடைக்காரர்! ஏழு மாசக் கழுத்து வலி!" என்று கூவினாள். மீன் விற்பவள் தோற்றாள்.

வாத்தியார் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தம் தலையணையைப் பார்த்தார். சிரிப்பார் என்று மெத்தைக்காரர் காத்திருந்தார். வாத்தியாரோ, "போய்ட்டு வாங்க. வலிக்காது. எனக்கு மூணாவது தடவை இது, முன்னைக்கு இப்போ நல்லா தூங்குறேன்," என்றார். "உங்க தலையணையிலதான்."

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கை மட்டும் இன்னும் மூத்தவருடையது போல நிதானமாக இருந்தது. கையைத் தூக்கச் சொன்னார், விரலை இறுகப் பிடிக்கச் சொன்னார், மரத்துப் போகிறதா, விரலில் சுருசுருப்பு உண்டா, ரத்தம் இளக மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "எங்க வலிக்குது, காட்டுங்க," என்றார்.

மெத்தைக்காரர் நெற்றிப்பொட்டைக் காட்டினார்.

டாக்டரம்மா அந்தப் பக்கமே போகவில்லை. பின்னால் வந்து, தோள் மேட்டில், கழுத்துக்கும் கைக்கும் நடுவே உள்ள சதையை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. அமுக்கினார்.

"ஐயோ!"

"இப்ப எங்க வலிக்குது?"

"நெத்தியில! அங்கேதான்! அதே வலி!" அவருக்கு வலியைவிட ஆச்சரியம் பெரிதாக இருந்தது. "நீங்க தோள்லதானே அமுக்குறீங்க?"

"தசையில ஒரு கட்டு விழுந்திருக்கு. சின்னதுதான், பட்டாணி அளவு. இருக்கற எடம் இது. ஆனா வலியைக் கொண்டுபோய்க் காட்டற எடம் அது."

மெத்தைக்காரர் எழுந்தே விட்டார்.

"அட, மெத்தையிலயும் அதான் டாக்டரம்மா! இடுப்புல பள்ளம்னு கொண்டாந்து போடுவாங்க. இடுப்புல ஒண்ணும் இருக்காது. தலைமாட்டுல பஞ்சு கட்டி நின்னுருக்கும். அதைப் பிரிச்சு விட்டாத்தான் இங்க நிரவும். விரல்ல தடவினா எனக்கு உடனே தெரியும்!"

"அப்போ உங்க தோள்ல மட்டும் ஏன் தெரியலே?"

"முதுகுப் பக்கம் கை எட்டலே," என்றாள் மனைவி. "மூளையும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டு, செய்யப்போவதைச் சொன்னார். கட்டு இருக்கும் இடத்திலேயே மெல்லிய ஊசியால், மரத்துப்போக வைக்கும் மருந்து கொஞ்சம். ஊசியை முழுசாக வெளியே எடுக்காமலே, முன்னும் பின்னும் நாலைந்து பக்கம் செலுத்திக் கட்டைத் தளர்த்துவார். தசை ஒரு தடவை துள்ளும். துள்ளினால் சரியான இடம் என்று அர்த்தம். ஓரிரு நாள் அடித்துப் போட்டது போல இருக்கும். ஒரே ஊசியில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று மட்டும் நினைக்கக் கூடாது. தினமும் கழுத்துக்குப் பயிற்சி செய்ய வேண்டும்.

ஊசி என்ற வார்த்தையிலேயே மெத்தைக்காரரின் காதுக்குள் ரயில் ஓட ஆரம்பித்திருந்தது. தினமும் முழ நீள ஊசியைக் கையாண்டவர், ஒன்றரை அங்குல ஊசியைப் பார்த்துக் கட்டிலின் ஓரத்தைப் பற்றிக்கொண்டார். குப்புறப் படுத்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. காரணம், கட்டில் மெத்தை படுமட்டம்.

"இதை யாரு தைச்சா?" என்றார் முகத்தைப் புதைத்தபடி. "வலப்பக்கம் பஞ்சே இல்ல. இதுல படுத்தா இல்லாத வலியும் வரும்."

"பேசாம படுங்க," என்றாள் மனைவி. தலைமாட்டில் வந்து நின்று, கட்டுப் போடாத கையை அவர் முகத்தருகே வைத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா தோள் சதையை இரண்டு விரலால் கவ்வித் தூக்கிப் பிடித்தார். "கீழ நுரையீரல் இருக்கு. ஊசி அந்தப் பக்கமே போகக் கூடாது. அதனால இப்படித் தூக்கிக்கிறேன். ஆடாம இருங்க."

ஊசி இறங்கியது. ஒன்றுமில்லை என்று அவர் நினைத்த கணத்தில், தோளுக்குள் ஒரு மீன் துள்ளியது. நெற்றிப்பொட்டில் பழைய வலி முழுசாக எழுந்து, ஏழு மாதக் கூத்தையும் ஒரே மூச்சில் ஆடியது. அவர் மனைவியின் கையை நெரித்தார். ஊசி கொஞ்சம் பின்வாங்கி, வேறு பக்கம் போயிற்று. இன்னொரு துள்ளல், முதலைவிடச் சிறியது. பிறகு துள்ளல் இல்லை. யாரோ இறுக்கிக் கட்டிய கயிற்றை ஒரு சுற்று அவிழ்த்தது போல, தோள் மெல்லக் கட்டிலில் படிந்தது.

"இப்ப கழுத்தைத் திருப்புங்க. மெதுவா."

திருப்பினார். வலப்பக்கச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. உள்ளே வந்ததிலிருந்து அந்தச் சுவரை அவர் பார்த்திருக்கவில்லை.

"மணி பதினொண்ணே கால்," என்றார். "தெரியுது."

பயிற்சி சொல்லிக்கொடுக்கும்போது டாக்டரம்மா மனைவியை அருகில் அழைத்தார். "நீங்களும் கத்துக்கோங்க. வீட்ல இவருக்கு அமுக்கிவிடணும். எந்த எடம்னு உங்க தோள்லயே காட்டறேன். இதோ, இங்க விரலை வச்சு..."

"ஸ்ஸ்ஆ!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊசி கையில் ஏறியபோது வராத சத்தம் இப்போது வந்திருந்தது.

டாக்டரம்மா விரலை எடுக்கவில்லை. மறு தோளையும் தொட்டுப் பார்த்தார். கழுத்தின் பின்பக்கம், மண்டைக்கு அடியில் தடவினார். அவள் கண் கலங்கிற்று.

"உங்களுக்கு எவ்வளவு நாளா இருக்கு?"

"அது... இருக்கும்."

"இருக்கும்னா?"

"சின்னவன் ஸ்கூல்ல சேர்ந்த வருஷம்..."

சின்னவன் இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறான். மெத்தைக்காரர் மனதுக்குள் வருஷத்தை எண்ணிப் பார்த்து, பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"ஏன் சொல்லல?" என்றார்.

"நீங்க மட்டும் சொன்னீங்களா?"

"நான் ஏழு மாசந்தானே மறைச்சேன்!"

"நீங்க மறைக்கத் தெரியாம மறைச்சீங்க. எனக்கு மறைக்கத் தெரிஞ்சுது, மறைச்சேன்."

டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்து, வேலை எப்படி என்று கேட்டார். மெத்தைக்காரர் எழுந்து நின்று மேலிருந்து குத்துவது போலச் செய்து காட்டினார். அவள் மணையில் இருப்பது போல அண்ணாந்து காட்டினாள். அந்தச் சின்ன அறையில் இருபத்திரண்டு வருஷம் முக்கால் நிமிஷத்தில் நடந்து முடிந்தது.

"எப்பவும் நீங்கதான் மேலயா?"

"ஆமா."

"ஏன்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடை தொடங்கிய முதல் நாள் அவர் கையில் ஊசி இருந்தது, அதனால் நின்றார். கீழே மணை கிடந்தது, அதனால் அவள் உட்கார்ந்தாள். வேறு காரணம் எதுவும் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"அரை மணிக்கு ஒரு தடவை எடம் மாத்திக்கோங்க," என்றார் டாக்டரம்மா. "ரெண்டு பேர் கழுத்துக்கும் பாதி பாதிதான் வேலை. மணையையும் உயர்த்துங்க, இவ்வளவு அண்ணாந்து பார்க்க வேண்டாம். உங்களுக்கு இப்போதைக்கு ஊசி வேண்டாம்மா. ஒத்தடமும் பயிற்சியும் மூணு வாரம் பார்ப்போம்."

மறுநாள் மெத்தைக்காரருக்குத் தோளை நாலு பேர் சேர்ந்து மிதித்தது போல இருந்தது. எல்லாம் போச்சு, கையே போச்சு, தன் கதை அவ்வளவுதான் என்று படுத்த இடத்திலிருந்து அறிவித்தார். "டாக்டரம்மா சொன்னதுதானே. எந்திரிச்சுக் கழுத்தைச் சாயுங்க," என்று அவள் வெந்நீர்ப் பையைத் தோளில் வைத்தாள். மூன்றாம் நாள் பல் தேய்க்கும்போது, வலது கையால் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பாதியில்தான் கவனித்தார். சாயங்காலம் அவள் பின்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அவள் தோளைத் தடவினார். பஞ்சில் கட்டு தேடும் விரல்கள். இரண்டாம் தடவலில் அகப்பட்டது.

"இங்கயா?"

"ம்."

"இவ்வளவு பெருசா வச்சுக்கிட்டா சும்மா இருந்தே?" என்றார். வழக்கமாக அதற்குப் பின்னால் ஒரு கேலி வரும். அன்று வரவில்லை.

பத்து நாள் கழித்து, இரண்டாவது ஊசியும் போட்டு, கழுத்து முக்கால்வாசி அவருடையதாகத் திரும்பியிருந்தது. நல்ல வெயில். பஞ்சு உலர்ந்து உப்பியிருந்தது. பாதியில் விட்ட மூன்றாவது மெத்தையை மறுபடி சட்டத்தில் ஏற்றினார்கள். அவர் தகர டப்பாவைத் திறந்து ஊசியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். கை வலிக்கவில்லை. ஆனால் துணிக்கு அடியில் எந்த இடத்தில் அவள் விரல் இருக்கும் என்பதைத் தவிர வேறு எதுவும் நினைவில் ஓடவில்லை.

அவள் ஊசியை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"போங்க, கீழ உக்காருங்க. மொத அரை மணி நான்."

"நீ மேல நின்னு குத்துனதே இல்லியே!"

"பயமா?"

"பயந்தான்."

"அப்ப சரி. கொஞ்ச நேரம் நீங்களும் பயந்து பாருங்க."

அவர் மரச்சட்டத்துக்கு அடியில் நுழைந்து உட்கார்ந்தார். மணைக்கு மேல் ஒரு தலையணை போட்டு உயரம் ஏற்றியிருந்தும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. தலைக்குமேல் கோடு போட்ட துணி தாழ்வான வானம் போலத் தொங்கியது. மேலே அவள் மெத்தையைத் தட்டியதும் பொடிப்பஞ்சு உதிர்ந்து கண்ணிலும் மூக்கிலும் விழுந்தது. தும்மினார். வெளிச்சம் குறைவு. முனை எங்கே வரும் என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை.

"ஏய்," என்றார் பஞ்சு வழியாக. "இங்க ஒண்ணுமே தெரியலேடி."

"தெரியாதுதான்."

"அப்புறம் எப்படி இத்தனை வருஷமாக் கையை வச்சே?"

மேலே துணியின் மேல் அவள் கை ஊன்றி அழுந்தியது.

"நீங்கதானே மேல இருந்தீங்க," என்றாள். "வைங்க கையை."

அவர் இரண்டு கையையும் உயர்த்தி, விரல்களைத் துணியில் பரப்பி வைத்தார். துணி ஓரிடத்தில் மெல்லக் குவிந்து, கோடு விலகி, பளபளவென்று முனை தலை நீட்டியது, அவருடைய சுண்டுவிரலுக்கு நூல் இடைவெளி தள்ளி.

"வந்துட்டுதா?"

"வந்துட்டுது," என்று சொல்லி, ஊசியைப் பிடித்து இழுத்தார்.